கப்பல் பயணத்துக்குப் பிள்ளைகளுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும்?

கேள்வி இதுதான். பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரு தாய், 6 வயது மகள், 2 வயது மகன், கூட மாமியார். கோடை விடுமுறையில் சென்னையில் கப்பல் ஏற நினைக்கிறார்கள். கணவருக்கு வேலை துபாயில். இலங்கை போய் வரும் கப்பலா, நம் கரையோரம் மட்டும் சுற்றி வருவதா என்று இன்னும் முடிவாகவில்லை. மகளுக்கு ஒரு வயதில் எடுத்த பாஸ்போர்ட் இருக்கிறது, மகனுக்கு இல்லை. ஏஜென்ட் “பிள்ளைகளுக்கு ஆதார் போதும்” என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் “பிறப்புச் சான்றிதழே போதும், நாங்கள் அப்படித்தான் போய் வந்தோம்” என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மனதில் வைத்திருக்கும் பயணத்துக்குச் சரி. உங்கள் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகம் ஏதாவது ஒன்றைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். தொட்டால் கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். வயதைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்பா பாஸ்போர்ட்டிலேயே பிள்ளை பெயரை எழுதிச் சேர்ப்பது பழைய காலத்து வழக்கம். கொழும்புக்குப் போய் வந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இன்னமும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது அது கிடையாது.

சென்னையில் ஏறி விசாகப்பட்டினம், புதுச்சேரி என்று சுற்றிவிட்டுச் சென்னையிலேயே இறங்குவது உள்நாட்டுப் பயணம். அதற்குப் பெரியவர்களுக்கு அரசு கொடுத்த படம் ஒட்டிய அடையாள அட்டை, பிள்ளைகளுக்கு ஆதார் அல்லது பிறப்புச் சான்றிதழ் போதும். ஏஜென்ட் சொன்னது இதைத்தான். இருந்தாலும் இரண்டையும் அசலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி அடையாள அட்டையை மட்டும் நம்பிப் போக வேண்டாம். மகனிடம் இருப்பது நீல நிற பால ஆதாராக இருக்கும். 5 வயதுக்குள் கைரேகை எடுப்பதில்லை, அதனால் அதுவே செல்லும். மகள் 5 வயதைத் தாண்டிவிட்டாள், அவளுக்குக் கைரேகையும் கருவிழியும் பதிந்து ஆதாரைப் புதுப்பித்திருக்க வேண்டும். பல வீடுகளில் இதை மறந்துவிடுகிறார்கள். கைக்குழந்தையாக எடுத்த படத்தோடு அட்டையை நீட்டினால் கவுண்டரில் இருப்பவர் பிள்ளையையும் அட்டையையும் மாறி மாறிப் பார்ப்பார், வரிசை அங்கேயே நின்றுவிடும். 5 முதல் 7 வயதுக்குள் இதற்குக் கட்டணம் கிடையாது.

கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலும் உள்நாட்டுப் பயணம்தான். நம்மூர்க்காரர்களுக்குப் பாலருவி எக்ஸ்பிரஸில் ஏறினால் எர்ணாகுளம் சென்னையைவிடப் பக்கம் என்பதால் பலர் அதையும் யோசிப்பார்கள். லட்சத்தீவில் கால் வைக்க, அந்தத் தீவுக்காரரல்லாத யாருக்கும், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், நுழைவு அனுமதி வேண்டும். 1967ஆம் ஆண்டு விதிகளிலிருந்து அப்படித்தான். இதைக் கப்பல் நிறுவனமோ ஏஜென்ட்டோ வாங்கித் தருவதுதான் வழக்கம். ஆனால் பிள்ளைகளின் பெயரும் பிறந்த தேதியும் ஆவணத்தில் இருக்கிறபடியே அவர்களுக்கு முன்கூட்டிப் போயிருக்க வேண்டும்.

இலங்கைப் பயணம் என்றால் கதை வேறு. கார்டீலியா என்ற சுற்றுலாக் கப்பல் நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போகத் தொடங்கியது. நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் படகு 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. 2011இல் தூத்துக்குடியிலிருந்தே கொழும்புக்கு ஒரு கப்பல் சில மாதங்கள் ஓடி நின்றுபோனது, அது தொடர்ந்திருந்தால் நமக்கு எவ்வளவோ சௌகரியம். இவை எல்லாமே வெளிநாட்டுப் பயணம். துறைமுகத்தில் குடியேற்ற அதிகாரி விமான நிலையத்தில் செய்வதைப் போலவே முத்திரை குத்துவார். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆதாரைக் காட்டிப் பயனில்லை.

நாத்தனார் சொன்னதில் தவறு எதுவும் இல்லை, அது அமெரிக்கச் சட்டம். அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி, கரீபியன் பக்கமோ மெக்சிகோவோ போய், அதே துறைமுகத்துக்குத் திரும்பும் கப்பலில், 16 வயதுக்குட்பட்ட அமெரிக்கக் குடியுரிமைப் பிள்ளை பிறப்புச் சான்றிதழைக் காட்டியே திரும்ப நுழையலாம். அதுவும் அரசு அலுவலகம் கொடுத்த சான்றிதழ்தான் செல்லும். ஆஸ்பத்திரியில் பிஞ்சுக் காலடி பதித்துத் தரும் அழகான தாள் செல்லாது. நம் பக்கத்தில் ஞானஸ்நானச் சான்றிதழைப் பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக எடுத்து வருகிறவர்கள் உண்டு, அதுவும் எங்கேயும் செல்லாது. ஒருவேளை நாத்தனாரின் மூத்த பிள்ளை திருநெல்வேலியில் பிறந்து இந்திய பாஸ்போர்ட்டோடு எச்-4 விசாவில் (அங்கே வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் தருவது) அங்கே இருந்து, இளைய பிள்ளை அமெரிக்கக் குடியுரிமையோடு இருந்தால், ஒரே குடும்பம், ஒரே கப்பல், ஆனால் இரண்டு பிள்ளைக்கும் இரண்டு விதி. மூத்தவனுக்குப் பாஸ்போர்ட்டும், அதில் தேதி முடியாத விசாவும் வேண்டும். விசா தேதி முடிந்தவர்கள் 30 நாளுக்குள் திரும்பி வரலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. எச்-4 காரருக்கு அது கனடா, மெக்சிகோவுக்கு மட்டும்தான். கரீபியன் தீவுகளுக்கும் சேர்த்துக் கிடைப்பது மாணவர், பரிமாற்ற விசாக்காரர்களுக்கு. இதைக் கவனிக்காமல் பஹாமாஸ் கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டுத் தவிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இனி உங்கள் பிள்ளைகள் விஷயத்துக்கு வருவோம். இலங்கைதான் என்று முடிவானால், டிக்கெட் போடுவதற்கு முன்னால் பீரோவிலிருந்து இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து மேஜையில் வையுங்கள். ஆதார், பாஸ்போர்ட், டிக்கெட், இலங்கை அனுமதி எல்லாம் அந்தத் தாளில் இருந்துதான் கிளைக்கின்றன. அதில் ஓர் எழுத்து பிசகினால் கடைசியில் துறைமுகக் கவுண்டர் வரை அது கூடவே வரும்.

பெயர் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரசவமான கையோடு பதிந்த சான்றிதழில் பிள்ளை பெயர் இருக்கும் இடம் காலியாக இருப்பது சகஜம், பெயர் வைப்பது பிறகுதானே. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குமேல் தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். தலைப்பிரசவம் பெரும்பாலும் அம்மா ஊரில் நடக்கும். அம்பாசமுத்திரத்தில் பிறந்த பிள்ளைக்குப் பாளையங்கோட்டையில் சான்றிதழ் கிடைக்காது. பிறப்பு பதிவான இடத்தில்தான் பெயர் சேர்ப்பதும் திருத்துவதும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பிறந்த ஊர் என்ற இடத்திலும் சான்றிதழில் இருக்கும் ஊரையே போட வேண்டும். குடியிருக்கும் ஊரையே பிறந்த ஊராக எழுதிவிட்டு மறுபடி வரச் சொல்லித் திரும்புகிறவர்கள் நிறைய.

உங்கள் மகன் விஷயத்தில் இன்னும் ஒன்று. 2023 அக்டோபர் 1ஆம் தேதியிலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான். 2025இல் வந்த திருத்த விதி இது. ஆதாரையோ வேறெதையோ காட்டி ஈடுகட்ட முடியாது.

அடுத்தது எழுத்துக்கூட்டல். நம் பெயர்களுக்கே உரிய தொல்லை இது. இசக்கிமுத்து என்ற பெயரின் முதல் எழுத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு ஆவணத்தில் ‘ஐ’ இருக்கும், இன்னொன்றில் ‘ஈ’ இருக்கும். மகிழினி என்று பெயர் வைத்தால் ழகரத்துக்கு ஆஸ்பத்திரியில் ‘இசட்-எச்’ போட்டிருப்பார்கள், ஆதார் மையத்தில் ‘எல்’ போட்டிருப்பார்கள். தமிழில் வாசித்தால் ஒரே பிள்ளை, ஆங்கிலத்தில் இரண்டு பேர். பிறப்புச் சான்றிதழில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றதை அதற்கு இணங்கத் திருத்துவதுதான் வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரு முறைதான். அவசரத்தில் ஒரு வாய்ப்பை வீணாக்கிவிட வேண்டாம்.

அதோடு இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, அப்பா பெயரை விரித்து எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கும். இரண்டாவதைக் காலியாக விடுவது நம்மவர்கள் வழக்கம். என் யோசனை, காலியாக விடாதீர்கள். முதல் கட்டத்தில் மகிழினி, இரண்டாவதில் அப்பா பெயர் இசக்கிமுத்து. காரணம், 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா நுழைவை நிறுத்தியது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அனுமதி உண்டு என்று பிறகு விளக்கம் வந்தது. அப்பா துபாயில் இருக்கும்போது இன்றில்லாவிட்டால் நாளைக்குப் பிள்ளைகள் அங்கே போகத்தான் போகிறார்கள். இப்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பினால் அந்தத் தலைவலி வராது. கப்பல் டிக்கெட்டிலும் அதே இரண்டு கட்டம் உண்டு, பாஸ்போர்ட்டில் எது எங்கே இருக்கிறதோ அப்படியே போடுங்கள்.

மகளின் பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 10 ஆண்டு, பிள்ளைகளுக்கு 5 ஆண்டுதான். ஒரு வயதில் எடுத்தது என்றால் முடிந்திருக்கும், அல்லது முடியும் தறுவாயில் இருக்கும். இலங்கைக்கு ஆறு மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சமிருக்க வேண்டும். அதனால் இரண்டு மாதம் மீதி இருக்கிறது என்பது முடிந்துபோனதற்குச் சமம். அப்பா அம்மா தங்கள் 10 ஆண்டு புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிம்மதியாக முன்பதிவு செய்து, கடைசி வாரத்தில் பிள்ளையின் புத்தகத்தைத் திறந்து அதிர்ச்சி அடைவது ஒவ்வொரு கோடையிலும் நடக்கிறது. மகளுக்கு மறு வெளியீடு, மகனுக்குப் புதிது. பழைய புத்தகத்தையும் கொண்டுபோக வேண்டும், ரத்து செய்து திருப்பித் தருவார்கள். புது புத்தகத்துக்குப் புது எண் வரும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய எண்ணைக் கொடுத்து வாங்கிய இலங்கை அனுமதி பயன்படாது, கப்பல் முன்பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டும்.

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, ஆனால் மதுரைக்குப் போக வேண்டியதில்லை. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. இணையத்தில் விண்ணப்பித்துப் பணம் கட்டி நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். சாதாரண முறையில் சிறுவர் கட்டணம் 1,000 ரூபாய். 8 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புது விண்ணப்பத்தில் 10 சதவீதம் குறைவு, ஆக மகனுக்கு 900. தட்கல் என்றால் கூடுதலாக 2,000. ஏப்ரல், மே மாதங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் நாள் கிடைப்பது இறுகும். ஜனவரியிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை: பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், முகவரிச் சான்று, எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட ஜெராக்ஸ், இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஸர் டி’ உறுதிமொழி. பிள்ளையையும் நேரில் கூட்டிப் போக வேண்டும். உள்ளே ஏ, பி, சி என்று மூன்று கவுண்டர். ஏ-யில் ஆவணங்களை ஸ்கேன் செய்து படம் எடுப்பார்கள், பி-யில் அசலைச் சரிபார்ப்பார்கள், சி-யில் அனுமதிப்பார்கள். 4 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நீங்களே படம் கொண்டுபோக வேண்டும்: 4.5 × 3.5 சென்டிமீட்டர், வெள்ளைப் பின்னணி. ஸ்டுடியோவில் மகனைப் பிடித்திருக்கும் கை படத்தில் தெரியக்கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், வாயில் நிப்பிள் இருக்கக்கூடாது. கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டை அழித்துவிட்டு எடுங்கள், வீட்டுக்கு வந்து ஆச்சி மறுபடி வைத்துக்கொள்ளட்டும்.

கணவர் துபாயில் இருப்பதுதான் உங்களுக்குக் கூடுதல் வேலை. அவர் கையெழுத்தை இங்கே யாரும் போட்டுவிட வேண்டாம். பலர் அப்படிச் செய்துவிட்டுச் சிக்குகிறார்கள். அவர் அங்கே இருந்தபடியே ‘அனெக்ஸர் டி’-யில் கையெழுத்திட்டு, துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் சான்றொப்பத்தோடு, தன் பாஸ்போர்ட் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அசல் கூரியரில் வர எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கேந்திராவில் நாள் குறியுங்கள். ஒருவர் சம்மதம் கிடைக்காத நிலைக்கு ‘அனெக்ஸர் சி’ என்று தனிப் படிவம் இருக்கிறது. கணவர் சம்மதிக்கிறார், தூரத்தில் இருக்கிறார் என்பதற்காக அதைப் போடாதீர்கள், தேவையில்லாத கேள்விகள் வரும்.

உங்கள் இருவர் பாஸ்போர்ட்டிலும் கணவர் பெயர், மனைவி பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த புத்தகமாக இருந்தால் இருக்காது. அது ஏறியிருந்தால் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் போலீஸ் விசாரணை இல்லாமலேயே வந்துவிடும்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகு இலங்கை அனுமதி. ஈடிஏ என்று சொல்வார்கள். ஒவ்வொரு பாஸ்போர்ட்டுக்கும் தனித்தனி, கைக்குழந்தைக்கும் உண்டு. கப்பல் நிறுவனமே மொத்தமாக ஏற்பாடு செய்கிறதா, நாம்தான் எடுக்க வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதி வந்ததும் பிள்ளையின் பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பாருங்கள். பூஜ்யமும் ‘ஓ’ எழுத்தும் மாறிப்போவது அடிக்கடி நடக்கும் பிழை.

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதால், மற்றவரின் சம்மதக் கடிதம் ஒன்று கையில் இருக்கட்டும். எல்லாக் கப்பலிலும் கேட்பதில்லை, கேட்கும் இடத்தில் இல்லாவிட்டால் ஏற விடமாட்டார்கள். நீங்கள் வர முடியாமல் ஆச்சி மட்டும் பேரப்பிள்ளைகளைக் கூட்டிப் போவதானால் அந்தக் கடிதம் இல்லாமல் நகரவே முடியாது. கடிதத்தில் பிள்ளைகளின் முழுப் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண். கூட்டிப் போகிறவரின் பெயர், பாஸ்போர்ட் எண், உறவு. கப்பலின் பெயர், புறப்படும் நாள், திரும்பும் நாள், தொடும் துறைமுகங்கள். பெற்றோரின் போன் எண் எல்லாம் வர வேண்டும். கடலில் பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரத்தைக் கூட வருபவருக்குக் கொடுக்கிறோம் என்ற வரியும் கட்டாயம். அந்த வரி விட்டுப்போனால், ஆச்சி பக்கத்தில் இருந்தும் கப்பல் மருத்துவர் துபாய்க்குப் போன் போட்டுக் கேட்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் எழுதி நோட்டரி முத்திரையோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழும் கூட இருக்கட்டும், ஆச்சிக்கும் பேரனுக்கும் உள்ள உறவைக் கோத்துக் காட்ட அப்பா பெயர் உள்ள அந்தத் தாள்தான் உதவும்.

ஒருவேளை மனம் மாறித் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கப்பல் ஏறலாம் என்று தோன்றினால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே விமானத்தில் இறங்கும்போது ஒரு நுழைவு, கப்பலில் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது இன்னொரு நுழைவு. ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா முதலிலேயே தீர்ந்துவிடும். பலமுறை நுழைவு என்று விசாவில் எழுதியிருக்கிறதா என்று பிள்ளைகளுடையதையும் சேர்த்துப் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டையை வருவதற்கு 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அதுவும் தலைக்கு ஒன்று. மகனுக்கு இப்போது 2 வயது என்பதால் சிக்கல் இல்லை, ஆனால் பெரிய கப்பல்கள் 6 மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்றுவதில்லை, நீண்ட கடல் பயணங்களில் 12 மாதம் கேட்பார்கள். பிறந்த தேதியை அவர்கள் பார்ப்பது அதற்காகவும்தான்.

புறப்படும் நாளில் செய்யக்கூடிய பெரிய தவறு, பாஸ்போர்ட்டுகளைப் பெட்டிக்குள் வைப்பது. துறைமுக வாசலிலேயே பெட்டிகளை வாங்கி, அறை எண் சீட்டு கட்டி அனுப்பிவிடுவார்கள். அவை அறைக்கு வர மணிக்கணக்காகும், அதற்குள் ஆவணங்களைக் காட்டி முடித்திருக்க வேண்டும். எல்லா அசலும் தோளில் மாட்டும் பையில், ஒரு ஜெராக்ஸ் கட்டு ஆச்சியிடம், படங்கள் போனில். போனில் இருப்பதைச் சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும் முன் வீட்டிலேயே ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி எண்ணிப் பாருங்கள். எழும்பூரில் இறங்கிய பிறகு மறந்ததை எடுத்து வர 600 கிலோமீட்டருக்கு மேல் திரும்ப வேண்டும், கப்பல் மாலைக்குள் போய்விடும்.

வழியில் வெளிநாட்டில் பிள்ளையின் பாஸ்போர்ட் தொலைந்தால், உடனே கப்பல் வரவேற்பு மேஜையில் சொல்லுங்கள், கரையில் போலீஸ் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், அந்த நாட்டில் இருக்கும் இந்தியத் தூதரகத்தையோ துணைத் தூதரகத்தையோ அணுகுங்கள். இந்தியா திரும்புவதற்கு மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தருவார்கள். அதற்கும் பிறப்புச் சான்றிதழ் நகல், பழைய பாஸ்போர்ட் நகல், படம் இவற்றைத்தான் கேட்பார்கள். மகன், மகள் இருவருக்கும் நான்கு நான்கு பாஸ்போர்ட் அளவுப் படங்களைக் கூடுதலாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.